ஒரே பிள்ளைக்கு இரண்டு கோப்பு

நெல்லிவாசல்நாட்டில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வீடு என்று சொல்லப் போவதில்லை, சொல்லவும் கூடாது. சட்டத்தின் முன் வந்து நிற்கும் குழந்தையின் பெயரையோ ஊரையோ பள்ளியையோ அடையாளம் தெரியும்படி வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே இது எந்தத் தனிக் குடும்பத்தின் கதையும் இல்லை. இந்த மலையில் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதை ஒன்றாகக் கோத்துச் சொல்கிறேன்.

அந்த வீட்டில் 17 வயதுப் பையன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கொஞ்ச நாள் குடகில் காப்பித் தோட்டம், பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி. திருவிழாவுக்கு ஊர் வந்தவன் திரும்பிப் போகவில்லை. பக்கத்துச் சிற்றூரில் 16 வயதுப் பெண். அம்மாவும் அப்பாவும் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருக்க, பாட்டியோடு இருக்கிறவள். இருவருக்கும் பிடித்துப்போகிறது. ஒருநாள் சேர்ந்து போய்விடுகிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடுகிறார்கள். பையன் வீட்டுக்கு அபராதம் போடுகிறார்கள். பெண்ணை அந்த வீட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். விவகாரம் முடிந்தது என்று எல்லோரும் எழுந்து போகிறார்கள். சில மாதம் கழித்து அந்தப் பெண் கர்ப்பத்தைப் பதிவு செய்ய ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறாள். ஆதார் அட்டையில் பிறந்த தேதியைப் பார்த்த நர்ஸம்மா தலை நிமிர்ந்து அவளைப் பார்க்கிறார்.

அந்த இடத்தில் கோப்பு இரண்டாகப் பிரிகிறது.

நர்ஸம்மாவைக் குறை சொல்ல வழியில்லை. போக்சோ சட்டத்தின்படி அவர் காவல் நிலையத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் அவர் மேலேயே வழக்கு வரும். தகவல் மலையிறங்குகிறது. அனைத்து மகளிர் காவல் நிலையம் வழக்குப் பதிகிறது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குச் சொல்ல வேண்டும், சொல்கிறார்கள். பெண் அந்தக் குழுவின் முன் நிற்கிறாள். பெற்றோர் வெளிமாநிலத்தில், பாட்டியால் பார்த்துக்கொள்ள முடியுமா என்ற கேள்வி எழுகிறது. அவள் சமவெளியில் ஓர் இல்லத்துக்குப் போகிறாள். அவள் பெயரில் ஒரு கோப்பு.

பையனுக்கும் 18 ஆகவில்லை. அதனால் போக்சோ நீதிமன்றம் அவனை விசாரிக்காது. இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகிறான். அங்கிருந்து கூர்நோக்கு இல்லம். அவன் பெயரில் இன்னொரு கோப்பு. பெண் கருவுற்றிருப்பதால் அவன் மேல் விழும் பிரிவுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டு. ஏழாண்டும் அதற்கு மேலும் குறைந்தபட்சத் தண்டனை உள்ள குற்றங்களைச் சட்டம் 'கொடிய குற்றம்' என்கிறது. 16 வயதைத் தாண்டியவன் அப்படிப்பட்ட குற்றச்சாட்டில் வந்தால், அவனைப் பெரியவனாக வைத்து விசாரிக்கலாமா என்று குழுமம் முதலில் ஆராய வேண்டும். மலையை விட்டு இரண்டு தடவை வெளியே போய் வந்த ஒரு பையனைப் பற்றிய ஆராய்ச்சி இது.

இனி அந்த இரண்டு வீட்டுப் பெரியவர்களைப் பாருங்கள். பாட்டி ஒரு நாள் நலக் குழுவுக்கு இறங்குகிறாள். பையனின் அப்பா இன்னொரு நாள் நீதிக் குழுமத்துக்கு. இருவருக்கும் அன்றைய கூலி போச்சு, பேருந்துச் செலவு போச்சு. "சார், பையனை எப்ப விடுவீங்க?" என்று அவர் கேட்கும் இடத்தில், பெண்ணுக்கு என்ன ஆனது என்று தெரியாது. "என் பேத்தி வீட்டுக்கு வரலாமா?" என்று அவள் கேட்கும் இடத்தில், பையன் வெளியே வந்துவிட்டானா, வந்தால் என்ன நிபந்தனையில் வந்தான் என்று தெரியாது. நடுவில் பிறக்கப்போகும் குழந்தை எந்தக் கோப்பிலும் இல்லை.

நான் எழுத வந்தது அந்தக் கோப்புகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பற்றி.

*

இந்த மலையைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மூன்று ஊராட்சிகள். ஊராட்சி என்றால் சமவெளியில் நாம் நினைப்பது மாதிரி ஒரு தெரு, ஒரு கோயில், ஒரு குளம் இல்லை. மடிப்புக்கு மடிப்பு சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள். மலையாளிப் பழங்குடி மக்கள். சாமை விதைப்பவர்கள், புளியும் பலாவும் சீத்தாப்பழமும் தேனும் இறக்கி விற்பவர்கள். அது போதாமல் வருஷத்தில் பல மாதம் வெளியூர்க் கூலிக்குப் போகிறவர்கள். வனத்துறை நடத்தும் பள்ளிகள் இருக்கின்றன, பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன.

2019 நவம்பர் 28 வரை இது வேலூர் மாவட்டம். அன்று திருப்பத்தூர் தனி மாவட்டமானது. மலைக்கு அது நல்லதுதான். ஆட்சியர் அலுவலகம் கிட்டே வந்தது. ஆனால் மலை மாவட்ட எல்லை பார்த்து நிற்பதில்லை. ஒரு பக்கம் ஜமுனாமரத்தூர், அது திருவண்ணாமலை மாவட்டம். இன்னொரு பக்கம் அல்லேரி, அது வேலூர் மாவட்டம். ஒரே மலைக்கு மூன்று ஆட்சியர்கள், மூன்று காவல் கண்காணிப்பாளர்கள், மூன்று குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள். நெல்லிவாசல்நாட்டுப் பெண்ணை ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துச் சிற்றூரில் கட்டிக்கொடுப்பது உறவுமுறையில் சகஜம். காட்டுப் பாதையில் நடந்தால் அரை நாள். அந்தப் பெண்ணுக்கு 15 வயது என்றால், திருமணத்தைத் தடுப்பது எந்த மாவட்டத்தின் வேலை? பெண் இந்த மாவட்டம், மாப்பிள்ளை அந்த மாவட்டம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு பள்ளி ஆசிரியை போன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தகவல் திருப்பத்தூருக்குப் போய், அங்கிருந்து திருவண்ணாமலைக்குப் போய், அங்கிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறி வருவதற்குள் தாலி ஏறிவிடும்.

பாதையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2023 மே மாதம், இதே மலைத்தொடரில், வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையின் அத்திமரத்துக்கொல்லையில் ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் நின்றது. குழந்தையின் உடலைத் தாய் கையில் சுமந்தே மலையேறினாள். நாடே அந்தப் படத்தைப் பார்த்தது. உயிர் போகிற அவசரத்துக்கே வண்டி ஏறாத மலையில், சமூகப் புலனாய்வு அறிக்கை எழுத எந்த அதிகாரி ஏறுவார் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த அறிக்கைதான் பையனின் தலையெழுத்து. அவன் எந்த வீட்டில் வளர்ந்தான், ஏன் பள்ளியை விட்டான், வீட்டில் யார் இருக்கிறார்கள், விட்டால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையெல்லாம் நன்னடத்தை அலுவலர் நேரில் கண்டு இரண்டு வாரத்துக்குள் குழுமத்துக்குத் தர வேண்டும். சிற்றூருக்கே வராமல் காவல் நிலையத்துத் தாளைப் பார்த்து எழுதினால் அது வெறும் படிவம். 'தந்தை கூலி, தாய் கூலி, பையன் படிப்பை இடையில் நிறுத்தியவன், கண்காணிப்பு இல்லை' என்று நான்கு வரி. மலையில் பாதி வீட்டுக்கு அந்த நான்கு வரியும் பொருந்தும். அதை வைத்து ஒரு பிள்ளை ஜாமீன் பெறுவதும் இல்லத்தில் கிடப்பதும் முடிவாகிறது. சட்டத்தைக் கேட்டால், குற்றம் எதுவானாலும் குழந்தைக்கு ஜாமீன் கொடுப்பதுதான் விதி, மறுப்பதுதான் விலக்கு. ஆனால் அழைத்துப்போக ஆள் வர வேண்டுமே. அப்பா குடகில் இருந்தால்?

*

இரண்டு கோப்பும் ஏன் சேர்வதில்லை என்று கேட்டால், சட்டம் அப்படித்தான் என்று சொல்லிவிடுகிறார்கள். அது உண்மையில்லை.

இந்தியாவிலேயே குழந்தைகளுக்கென்று முதலில் தனிச் சட்டம் போட்டது நம் சென்னை மாகாணம்தான், 1920-இல். அந்தச் சட்டத்தில் திக்கற்ற பிள்ளையும் தவறு செய்த பிள்ளையும் ஒரே நீதிமன்றத்துக்கு வந்தார்கள். அதில் வேறு குறை இருந்தது. தெருவில் நின்ற அநாதைக்கும் திருடியவனுக்கும் ஒரே நடை, ஒரே பூட்டு. அதைச் சரிசெய்யத்தான் 1986-இன் மத்தியச் சட்டம் இரண்டாகப் பிரித்தது. 2000-இன் சட்டம் அந்தப் பிரிவுக்கு இன்றைய பெயர்களைக் கொடுத்தது: பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படுகிறவர்களுக்குக் குழந்தைகள் நலக் குழு, சட்டத்தோடு முரண்பட்டவர்களுக்கு இளைஞர் நீதிக் குழுமம். பிரித்தது சரி. பிரித்த கையோடு இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவும் வைத்தார்கள். 2015-இன் சட்டத்தில் 8-ஆம் பிரிவு சொல்வது இது: சட்டத்தோடு முரண்பட்ட குழந்தை அதே நேரத்தில் பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையாகவும் இருக்கலாம், அப்போது குழுவும் குழுமமும் இரண்டுமே அதில் ஈடுபட வேண்டும், எந்தக் கட்டத்திலும் குழுமம் அந்த விஷயத்தை நலக் குழுவுக்கு மாற்றலாம்.

கதவு சட்டத்தில் இருக்கிறது. அதைத் திறந்தார்களா என்று பார்க்க வேண்டியவர் இவர் என்று ஒருவரைக் குறிப்பிட்டுச் சொல்லும் இடம்தான் இல்லை. கண்காணிப்பைப் பாருங்கள். நீதிக் குழுமத்தில் எத்தனை வழக்கு தேங்கியிருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பவர் தலைமைக் குற்றவியல் நடுவர். நலக் குழு எப்படி நடக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பவர் மாவட்ட ஆட்சியர். ஒருவர் நீதித்துறை, ஒருவர் நிர்வாகம். இருவரும் தத்தம் பங்கைச் சரியாகவே செய்தாலும், அங்கே தம்பி, இங்கே அக்கா என்று ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பட்டியலிலும் இருப்பதை எந்த ஆய்வும் காட்டாது. ஒவ்வொருவரும் பார்ப்பது தம் பட்டியலின் எண்ணிக்கையை.

2023-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஆனந்த் வெங்கடேஷ், சுந்தர் மோகன் கொண்ட சிறப்பு அமர்வு போக்சோவையும் இளைஞர் நீதிச் சட்டத்தையும் ஒன்றாக வைத்து விசாரித்தது. வளரிளம் பருவத்தினர் இருவரும் விரும்பிப் பழகியதிலிருந்து எழுந்த வழக்குகளைத் தனியே கணக்கெடுக்கச் சொன்னது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், பாதிக்கப்பட்ட பெண்ணை நலக் குழு பார்த்துக்கொள்ள வேண்டிய கட்டத்தில் அரசு இயந்திரம் அவளைக் கைவிட்டதைக் கடுமையாகச் சுட்டிக்காட்டியது. வழக்கைப் பதிந்தவர்கள் பெண்ணை மறந்துவிட்டார்கள் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். நெல்லிவாசல்நாட்டிலும் ஆபத்து அங்கேதான். வழக்கு ஓடும், பிள்ளை நிற்கும்.

இதில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். 16 வயதில் ஒரு பெண் தாயாவதை நான் ஏற்கவில்லை. அபராதம் போட்டு முடித்துவைக்கும் ஊர்ப் பஞ்சாயத்தையும் ஏற்கவில்லை. அங்கே அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்பதில்லை. விருப்பம் என்ற பெயரில் வற்புறுத்தல் நடந்த வீடுகளும் இருக்கும், அங்கே போக்சோவின் முழுக் கடுமையும் வேண்டும். எது எது என்று பிரித்தறிய ஒருவர் மலைக்கு வந்து அந்தப் பெண்ணோடு தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். அந்த ஒரு வேலைக்கு ஆள் இல்லாததால்தான் எல்லா வழக்கும் ஒரே அச்சில் வார்க்கப்படுகிறது. அதன் விளைவை அடுத்த பெண் சுமக்கிறாள். முதல் பெண்ணையும் பையனையும் போலீஸ் ஜீப் கொண்டுபோனதைப் பார்த்த சிற்றூரில், அடுத்தவள் கர்ப்பமானால் சுகாதார நிலையத்தின் பக்கமே அனுப்ப மாட்டார்கள். பிரசவம் வீட்டில். ரத்தசோகையோடு, பரிசோதனை ஒன்றும் இல்லாமல். குழந்தைகளைக் காக்க வந்த சட்டம் இரண்டு உயிரை மருத்துவத்திலிருந்தே விரட்டிவிடும்.

*

பையன்கள் விஷயத்தில் இன்னொரு பாதை இருக்கிறது. அது ஆந்திராவுக்குப் போகிறது.

2015 ஏப்ரல் 7-ஆம் தேதி திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் 20 தமிழகத் தொழிலாளர்களை ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. அதற்கு முன்னும் பின்னும் செம்மரம் வெட்டும் கட்டிங்குக்கு ஆள் பிடிக்கும் புரோக்கர் இந்த மலையில் ஏறி இறங்கியபடிதான் இருந்தான். மலைக்காரனுக்கு மரம் வெட்டத் தெரியும், சுமை தூக்கத் தெரியும், இருட்டில் நடக்கத் தெரியும். கூடவே முன்பணம் வாங்கத் தயாராக இருக்கும் வறுமை. ஆள் பிடிப்பவன் வயதைக் கேட்பதில்லை.

அங்கே ஒரு 16 வயதுப் பையன் பிடிபட்டால் என்ன ஆகும்? ஆந்திரத்து நீதிக் குழுமத்தின் முன் நிற்பான். மொழி தெரியாது. வெளியூர்ப் பிள்ளையை விசாரித்து, அவனுடைய சொந்த மாவட்டத்துக்குத் துணைக்கு ஆள் போட்டு அனுப்பிவைக்கச் சட்டத்தில் 95-ஆம் பிரிவு இருக்கிறது. அனுப்பிவைக்க வேண்டும் என்றால் இங்கே அவனை வாங்கிக்கொள்ள ஒருவர் தயாராக இருக்க வேண்டும். அவன் யார், வீடு எது என்று ஆந்திரத்திலிருந்து கேட்கும்போது திருப்பத்தூரிலிருந்து பதில் போக வேண்டும். அந்தப் பதில் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் பையன் அங்கே கிடப்பான்.

அதற்கும் முன்னால் ஒரு சிக்கல்: அவனுக்கு 16 என்று யார் சொல்வது? வீட்டுப் பிரசவத்தில் பிறந்த பிள்ளை. பிறப்புப் பதிவு கிடையாது. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் ஆளைப் பார்த்து ஒரு தேதி எழுதியிருப்பார். இந்தியா முழுக்க ஜூன் மாதத்தில் பிறந்த பிள்ளைகள் இவ்வளவு பேர் எப்படி என்று யோசித்தால் இந்த விஷயம் விளங்கும். சட்டப்படி வயதை முடிவு செய்ய முதலில் பார்ப்பது பள்ளிச் சான்று. அது இல்லாவிட்டால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. வாத்தியார் இரண்டு வருஷம் கூட்டி எழுதியிருந்தால் 16 வயதுப் பையன் மத்தியச் சிறைக்குப் போவான். சிறார் என்ற கோரிக்கையை வழக்கின் எந்தக் கட்டத்திலும், தீர்ப்புக்குப் பிறகும்கூட எழுப்பலாம். எழுப்ப வேண்டும் என்று அந்த வீட்டுக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

அப்பாவே ஆந்திரச் சிறையில் இருக்கும் வீடு என்றால் கதை வேறு பக்கம் திரும்புகிறது. அந்த வீட்டுப் பிள்ளைகள் எந்தத் தப்பும் செய்யவில்லை. நலக் குழு அவர்களைப் பாதுகாப்பு தேவைப்படுகிறவர்கள் என்று கண்டு நிதி ஆதரவுக்குப் பரிந்துரைக்கலாம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4000 ரூபாய். கிராமப்புறத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மலையில் அந்த வரம்பைத் தாண்டும் வீடு எத்தனை? பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாநில அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2000 ரூபாய். இந்தப் பணம் நேரத்துக்கு வந்தால் மூத்த பிள்ளை பள்ளியை விட வேண்டியதில்லை, புரோக்கரிடம் முன்பணம் வாங்க வேண்டியதில்லை. நாளைக்கு நீதிக் குழுமத்துக்கு வரப்போகும் பையன் இன்றைக்கு நலக் குழுவுக்கு வந்திருக்க வேண்டியவன். அந்த மாதம் 4000 ரூபாய் தவறிப்போனதன் விலையை அரசு பிற்பாடு கூர்நோக்கு இல்லத்தில் கொடுக்கிறது.

பிள்ளைகள் கொடுக்கும் விலை அதைவிடப் பெரிது. 2022 டிசம்பர் கடைசி நாளில் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிபட்டு வந்து சில நாள்கூட ஆகவில்லை. அடித்துக் கொன்றதாக அங்கே வேலை பார்த்தவர்களே கைதானார்கள். அதன் பிறகு தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவை ஒரு நபர் குழுவாக நியமித்தது. இல்லங்களைச் சுற்றிப் பார்த்து 2023 நவம்பரில் அவர் அறிக்கை தந்தார். சமூகப் பாதுகாப்புத் துறை என்று நாம் அறிந்திருந்தது இன்று குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை என்று பெயர் மாறியிருக்கிறது. பெயர்ப் பலகை மலையடிவாரம் வரை வந்துவிட்டது. ஆள் இன்னும் மேலே ஏற வேண்டும்.

*

வேறு தேசத்தில் இதை எப்படிச் செய்தார்கள் என்று ஒன்றைச் சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் 1964-இல் கில்பிராண்டன் பிரபு தலைமையிலான குழு, தப்பு செய்த பிள்ளைகளின் வீட்டையும் கைவிடப்பட்ட பிள்ளைகளின் வீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. இரண்டும் ஒரே மாதிரி வீடுகள். ஆகவே இரு தரப்புப் பிள்ளைகளும் ஒரே அவையின் முன் வரட்டும் என்றது. 1971 முதல் அங்கே அப்படித்தான் நடக்கிறது: உள்ளூர்த் தன்னார்வலர்கள் மூவர், பிள்ளை, பெற்றோர், ஒரு மேசை. மிகக் கொடிய குற்றம் மட்டும் நீதிமன்றத்துக்கு. நியூசிலாந்து 1989-இல் போட்ட சட்டத்தில், மாவோரிப் பழங்குடிகளின் வழக்கத்தை ஒட்டி, பிள்ளையின் சித்தப்பா அத்தை தாத்தா வரை கூப்பிட்டு உட்காரவைத்து முடிவெடுக்கும் குடும்பக் கூட்டத்தைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். அங்கும் காவல்காரர் உட்காருகிறார், அதிகாரி உட்காருகிறார். ஊர்ப் பஞ்சாயத்துக்குச் சட்டத்தைத் தாரைவார்க்கவில்லை.

நம் சட்டத்தை மாற்றாமலே இதில் பாதியைச் செய்யலாம். அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதல் வேலை, குழுவும் குழுமமும் மாதம் ஒரு நாள் சேர்ந்து மலைமேல் உட்கார வேண்டும். புதூர்நாட்டிலோ நெல்லிவாசலிலோ, ஒரு பள்ளிக் கட்டடம் போதும். குழுமம் நீதிமன்ற வளாகத்தில் நடக்கக் கூடாது, பிள்ளை மிரளாத இடத்தில்தான் நடக்க வேண்டும் என்பதே விதி. குழந்தை வர முடியாத இடத்துக்கு நலக் குழு தானே போகவும் விதியில் இடமிருக்கிறது. ஐந்து பேர் கொண்ட குழுவும், நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்ட குழுமமும் ஒரு வண்டியில் மலையேறினால் அன்றைக்குச் செலவு ஒரு வண்டி டீசல். அவர்கள் ஏறாவிட்டால் பாட்டிகளும் அப்பாக்களும் இறங்குகிறார்கள்; அந்தச் செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை, அவ்வளவுதான். அன்றைய மேசையில் அந்தப் பையனின் கோப்பும் பெண்ணின் கோப்பும் பக்கத்தில் இருக்கும். இருவரையும் ஒன்றாக உட்காரவைக்கச் சொல்லவில்லை. அவள் தனியாகப் பேசட்டும், அவளுக்கு உரிய துணை நபர் பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் அவனை விடும் உத்தரவில் அவள் பாதுகாப்பு இருக்க வேண்டும், அவளை வீட்டுக்கு அனுப்பும் உத்தரவில் அவன் எங்கே இருக்கிறான் என்பது தெரிந்திருக்க வேண்டும், பிறக்கும் குழந்தைக்கு யார் பொறுப்பு என்பது இரண்டிலும் எழுதியிருக்க வேண்டும்.

அடுத்தது ஆள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் களப்பணியாளர் ஒருவர் மூன்று நாட்டுக்கும் சேர்த்து மலையிலேயே இருக்க வேண்டும். அவர் மலையாளியாக இருக்க வேண்டும், முடிந்தால் பெண்ணாக. படித்த ஆள் மலையில் எங்கே என்று இனி யாரும் கேட்க முடியாது. புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்ற மலையாளிப் பெண், குழந்தை பிறந்த இரண்டாம் நாள் தேர்வெழுதி, 2024-இல் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானதை ஊரெல்லாம் கொண்டாடியது. நீதிபதியே வரும் மலையில் ஒரு களப்பணியாளர் வர மாட்டாரா? அந்தப் பணியாளர் செய்ய வேண்டியது மிகச் சாதாரண வேலை. பள்ளியில் ஒரு பிள்ளை பதினைந்து நாள் வரவில்லையென்றால் வீட்டுக்குப் போவது. பெற்றோர் வெளியூர் போகும்போது பிள்ளை யாரிடம் என்று குறித்துக்கொள்வது. நிதி ஆதரவு விண்ணப்பத்தை நிரப்பித் தருவது. வழக்கு என்று வந்தால், சமூகப் புலனாய்வு அறிக்கைக்காக நன்னடத்தை அலுவலரை அந்த வீட்டு வாசல்வரை கூட்டிப்போவது.

எல்லைச் சிக்கலுக்கு மூன்று மாவட்ட ஆட்சியர்களும் உட்கார்ந்து ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாலே முடியும்: மலையில் குழந்தைத் திருமணத் தகவல் வந்தால், முதலில் கேள்விப்படும் மாவட்டமே போய் நிறுத்த வேண்டும், யாருடைய பெண், யாருடைய எல்லை என்ற பேச்சு அப்புறம். ஆந்திரத்துக்கு ஒரே ஓர் அதிகாரியின் பெயரும் எண்ணும் போக வேண்டும். நலக் குழு குறித்த குறைகளைக் கேட்கும் அதிகாரத்தைச் சட்டம் ஆட்சியரிடம் தந்திருக்கிறது. அவர் தம் காலாண்டு ஆய்வில் தலைமைக் குற்றவியல் நடுவரையும் அழைத்து, இரண்டு பட்டியலையும் ஒரு முறை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். ஒரே வீட்டு முகவரி இரண்டிலும் எத்தனை தடவை வருகிறது என்று தெரிந்துவிடும். முடியாத காரியம் என்று சொல்வதற்கில்லை. வனத்துறை, பழங்குடியினர் நலத்துறை என்று சிதறிக் கிடக்கும் பள்ளிகளையெல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் ஒன்றாகக் கொண்டுவருவோம் என்று 2023-24 நிதிநிலை அறிக்கையில் அறிவித்த மாநிலம்தான் இது. பள்ளிக் கட்டடங்களைச் சேர்க்கத் துணிந்தவர்களுக்கு இரண்டு கோப்பைச் சேர்ப்பது பெரிதா?

ஊர்க்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஊராட்சித் தலைவர் தலைமையில் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். நெல்லிவாசல்நாட்டில் அந்தக் குழுவில் யார் யார், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள். அபராதம் போடும் பெரியவர்களையும் அந்தக் குழுவுக்குக் கூப்பிடுங்கள். அபராதத்துக்கு முன்னால் வயதைக் கேட்கும் பழக்கம் அவர்களிடமிருந்து தொடங்கினால்தான் நிலைக்கும். பழங்குடியினருக்கும் குழந்தைகளுக்கும் வழக்கறிஞர் இலவசம், 1987-இன் சட்ட உதவிச் சட்டம் தந்த உரிமை அது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர் ஒருவர் மலையில் வேண்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள்.

ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் அடுத்து வரும் நாளில், குழுவும் குழுமமும் மலைமேல் முதல் அமர்வை எந்தத் தேதியில் வைக்கும் என்று கேட்டு ஒரு தீர்மானம் போடுங்கள். ஒரு நகல் ஆட்சியருக்கு, ஒரு நகல் தலைமைக் குற்றவியல் நடுவருக்கு, ஒன்று சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு. தேதியை அவர்கள் குறிக்கும்போது சாமை அறுப்பு நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாட்டியும் வர வேண்டும்.